கழுவாது, அலசும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: சோடாக் கம்பெனி அண்ணாச்சி, அவர் சம்சாரம், மிஷின் விற்ற ஏஜெண்டு, பேங்க்கிலிருந்து வந்த மேடம், மிஷினை ஏற்றிவந்த லோடு ஆட்டோ டிரைவர், என்னோடு பாட்டில் கழுவுகிற அக்கா, அப்புறம் நான். ஏழு பேர். எட்டாவதாக ஒருத்தர் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் உண்டு. பிற்பாடு பேச்சு வந்தபோது ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். ஏஜெண்டு, தான் பாதியிலேயே கிளம்பிவிட்டதாகச் சொன்னார். மேடம், போட்டோவுக்கு மட்டும்தான் நின்றேன் என்றார். அண்ணாச்சியோ தன் சொந்தக் கம்பெனியில், தானே வாங்கின மாலையைத் தானே போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "நான் அன்னைக்கு விருதுநகர்லல்ல இருந்தேன்" என்றார். எல்லாரும் இருந்தார்கள். ஏழு தொன்னையில் சுண்டல் கொடுத்தவள் நான்தான்.

எங்கள் கம்பெனியைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அருப்புக்கோட்டையில் தறிச்சத்தம் ஓய்கிற ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. பன்னீர் சோடா, கலர், வெறும் சோடா மூன்றும் போடுகிறோம். திருச்சுழி ரோட்டுக் கடைகளில் ஆரம்பித்து என் ஊரான எம்.ரெட்டியபட்டி வரைக்கும் பாட்டில் போகும். குடித்து முடித்ததும் காலி பாட்டில் திரும்பி வரும். காலி என்பது ஒரு பேச்சுக்குத்தான். பீடித்துண்டு, கடலைத்தோல், தீக்குச்சி, பாக்கு எச்சில், எறும்புக் கூட்டம் எல்லாம் உள்ளே குடியிருக்கும். ஒருதடவை மொய்க்கவர் ஒன்றைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தோம். பணம் இல்லை.

அந்தப் பாட்டில்களைக் காஸ்டிக் காரம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, மோட்டாரில் சுற்றுகிற பிரஷ்ஷுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி எடுத்து, இரண்டு தொட்டியில் அலசி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. அக்கா என்றால் சொந்தம் ஒன்றுமில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், டவுன்காரி. வாய் அவளுக்கு, பயம் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஒரே தொட்டியில் கையை நனைத்தோம். என்னை ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். எட்டாவதில்தான் தைரியம் வருகிற பாடம் இருந்திருக்கும் போல. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் தொலைந்துவிடுமோ என்று கையிலேயே பிடித்துக்கொண்டு, வேர்வையில் அது கரைந்துபோய், செக்கிங் வந்தால் என்ன சொல்வது என்று இறங்குகிறவரைக்கும் ஒத்திகை பார்க்கிற ஆள் நான்.

இப்படிப்பட்டவள் பெயரில் ஒரு மிஷின் வந்தது.

அண்ணாச்சி மதுரையில் ஏதோ கண்காட்சிக்குப் போயிருந்தார். போனவர் சும்மா வந்திருக்கலாம். அங்கே பளபளவென்று எவர்சில்வரில் ஒரு மிஷின் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, வாய்க்குள் தண்ணீரைப் பீச்சி, வடியவிட்டு, மறுபடி நிமிர்த்திக் கையில் கொடுக்கிறது. ஊர்ப்பொங்கலுக்கு வருகிற ராட்டினம் மாதிரி. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஏஜெண்டு ஒருத்தர் டை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். இனி நடந்ததை அண்ணாச்சியே எங்களிடம் வந்து நடித்துக் காட்டினார்.

"தம்பி, இது பாட்டிலக் கழுவுமா?"

"ரின்ஸ் பண்ணுங்க சார். சூப்பரா ரின்ஸ் பண்ணும்."

"நல்லா ரின்சு பண்ணுமா?"

"முந்நூத்தியறுவது டிகிரி ரின்ஸுங்க சார்."

அண்ணாச்சிக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கழுவுவதைவிட ரின்சு பண்ணுவது ஒரு படி மேல் என்று முடிவு கட்டிவிட்டார். டீ என்றால் ஐந்து ரூபாய்க் கிளாஸ், காபி என்றால் கப்பு சாஸர் என்பதுபோல, கழுவுவது நாங்கள் செய்வது, ரின்சு பண்ணுவது மிஷின் செய்வது. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

மிஷினுக்குப் பணம் வேண்டுமே. பெண்கள் தொழில் தொடங்கினால் வட்டி கம்மி, கொஞ்சம் மானியமும் உண்டு என்று யாரோ அண்ணாச்சிக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் சம்சாரம் பெயரில் ஏற்கெனவே அரிசிக்கடை, மாவுமில் என்று இரண்டு தொழிலைத் தொடங்கியாயிற்று. அந்த அம்மாவுக்கே அது தெரியுமோ என்னவோ. மூன்றாவதுக்கு ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி தொட்டிப் பக்கம் வந்து நின்றார்.

"ஏத்தா, ரெண்டு பேரும் நாளைக்கு ஆதார் கார்டு எடுத்துட்டு வாங்க. ஒங்க பேர்ல லோனு போடப் போறேன். கட்டுறது பூராம் நான்தான். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"மிஷின் வந்துட்டா எங்களுக்கு என்ன வேல அண்ணாச்சி?" என்று அக்கா கேட்டாள்.

"மொதல்ல மிஷின் வரட்டும்த்தா."

"வந்தப்பெறகு?"

"வந்தப்பெறகு பாப்போம்."

அண்ணாச்சி 'பாப்போம்' என்று சொன்ன எதையும் பிறகு யாரும் பார்த்ததில்லை. வேலையைப் பறிக்க வருகிற மிஷினுக்கு எங்கள் பெயரிலேயே கடன். மாட்டேன் என்றால் வேலை இன்றைக்கே போகும்; சரி என்றால் கொஞ்சநாள் கழித்துப் போகும். கொஞ்சநாள் கழித்துப் போவது பரவாயில்லை என்று பட்டது. கையெழுத்துப் போட்டோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வாசிச்சுப் பாத்தியா?" என்றார்.

"வாசிச்சேன். புரியல."

"புரியாமயா கையெழுத்துப் போட்ட?"

"புரிஞ்சிருந்தா போட்டுருப்பனா?"

போனை வைத்துவிட்டார்.

பேங்க் மேடம் நல்ல மாதிரி. தாளில் இங்கிலீஷில் இருந்த மிஷின் பெயரைத் தமிழில் 'பாட்டில் கழுவும் இயந்திரம்' என்று அழகாக எழுதினார். எங்கள் இரண்டு பேரையும் மேடம் என்றே கூப்பிட்டார். எனக்கு அதுவே பயமாக இருந்தது. மரியாதை கூடினால் தொகையும் கூடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. "நீங்க ரெண்டு பேரும் இனிமே தொழில் முனைவோர்" என்று கைகொடுத்தார். வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"முனைவருன்னா டாக்டருக்குப் படிச்சவுகதானடி?"

"அது முனைவர்க்கா. இது முனைவோர்."

"என்னமோ, ஏழாப்பும் அஞ்சாப்பும் சேந்து ஒரே நாள்ல பட்டம் வாங்கிட்டோம்."

அன்றிலிருந்து மிஷின் வருகிறவரைக்கும் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? மிஷின் நன்றாக ஓடினால் வேலை போகும். ஓடாவிட்டால் கடன் தலையில் நிற்கும். எதை வேண்டிக்கொள்வது? கோயிலில் போய்க் கண்ணை மூடினால் வாய் திறக்க வரவில்லை. கடைசியில், "நடுத்தரமா ஓடட்டும் தாயே" என்று கேட்டுவிட்டு வந்தேன். சாமி குழம்பியிருக்கும். அதுபோக, சில்லறைப் பயங்கள் வேறு. கரண்டு அடிக்குமா, சேலை முந்தானையை உள்ளே இழுக்குமா, பாட்டில் வெடித்துக் கண்ணில் தெறிக்குமா, கடன் கட்டாவிட்டால் பேங்க்காரர்கள் முதலில் டிவியைத் தூக்குவார்களா, ஆட்டைத் தூக்குவார்களா. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பயந்து வைத்திருந்தேன். நடந்தது மட்டும் அதில் இல்லை.

மிஷின் வந்த அன்றைக்கு அந்த ஏழு பேரும் கூடினோம். அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். அவர் சம்சாரம் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, குங்குமச் சிமிழைத் தான் வைத்துக்கொண்டார். மிஷினுக்குப் பொட்டு வைக்க வேண்டும். நெற்றி எது என்று தெரியவில்லை. தண்ணீர் பீச்சுகிற இடத்தில் சின்னச் சின்னக் குழாய் மூக்குகள் வட்டமாக நீட்டிக்கொண்டிருந்தன. அதுதான் முகம் மாதிரி தெரிந்தது.

"ஒரு மூக்கக்கூட விட்றாத" என்றார் அண்ணாச்சி சம்சாரம். "ஒண்ணு விட்டாலும் ஆகாது."

ஒன்றை விட்டால் அந்த ஒன்றால் என்ன குடி முழுகுமோ என்கிற பயத்தில், நான் ஒவ்வொரு மூக்கிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினேன். அவர் அதன் நடுவில் குங்குமத்தை விரலால் அழுத்தினார்.

"மூக்குல எதுக்குத்தா பொட்டு? ஆளுக்கொரு மூக்குத்தி மாட்டி விடுங்க" என்றாள் அக்கா.

பேங்க் மேடம் போட்டோ எடுத்தார். மிஷினுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான், இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு பாட்டில். அந்தப் பாட்டில்கள் காலையில் நாங்கள் கழுவினவை. "சிரிங்க மேடம்" என்றார். நான் சிரித்தது போட்டோவில் பல்வலி மாதிரி விழுந்திருக்கிறது.

அப்புறம் சோதனை ஓட்டம். அண்ணாச்சி என்னிடம் மெதுவாக, "நல்லா அழுக்கா இருக்குற பாட்டிலாப் பாத்து எடுத்தாத்தா. மேடம் முன்னாடி மிஷினோட அரும தெரியணும்" என்றார். நானும் அக்காவும் கொட்டகையில் உள்ளதிலேயே படுமோசமானவற்றைப் பொறுக்கினோம். உள்ளே இருக்கிற பாக்கு எச்சில் காய்ந்து சுவர் மாதிரி ஆகியிருந்த பாட்டில்கள். ஏஜெண்டு அந்த நேரத்தில் வெளியே நின்று போனில் வேறு யாருக்கோ முந்நூற்றறுபது டிகிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். ராட்டினம் சுற்றியது. பாட்டில்கள் கழுத்து பிடிபட்டுத் தலைகீழாகப் போயின. பாதி மூக்கில் தண்ணீரே வரவில்லை. மீதிப் பாதியில் குங்குமக் கலரில் வந்தது. நிமிர்ந்து வந்த பாட்டிலுக்குள் பழைய அழுக்கு அப்படியே இருக்க, புதிதாகக் கொஞ்சம் சந்தனமும் சேர்ந்திருந்தது.

"மங்களகரமாத்தான இருக்கு" என்றார் டிரைவர்.

ஏஜெண்டு ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "நாஸில்ல எல்லாம் யாருங்க சந்தனம் பூசுனது?"

என் பெயரில் உள்ள கடனை அடைப்பதற்கு முன்னால், மிஷினை என் கையாலேயே அடைத்துவிட்டேனே. கம்பி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. அண்ணாச்சி சம்சாரம் தன் சேலை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா ஒன்று கொடுத்தாள், நான் தாலிக்கயிற்றில் கோத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பேங்க் மேடம்கூடத் தோளில் குத்தியிருந்ததைக் கழற்றித் தந்தார். இதற்குப் பிறகும் போட்டோவுக்கு மட்டும்தான் நின்றேன் என்கிறார். அந்த ஊக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு மூக்காகக் குத்திக் குத்திச் சந்தனத்தை வெளியே எடுத்தோம்.

மறுபடி சுவிட்ச். இந்தத் தடவை எல்லா மூக்கிலும் தண்ணீர் பளிச்சென்று வந்தது. பாட்டில்கள் சுற்றிவந்து நிமிர்ந்தன. அண்ணாச்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே பீடித்துண்டு குளித்து முடித்து உட்கார்ந்திருந்தது. பாக்கு எச்சில் ஒரு இம்மி நகரவில்லை. முன்பு காய்ந்த அழுக்கு, இப்போது ஈரமான அழுக்கு.

"என்ன தம்பி இது?"

ஏஜெண்டு பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். "சார், இந்தப் பாட்டில கழுவவே இல்லியே?"

"கழுவத்தானய்யா மிஷினே வாங்குனேன்!"

"இது ரின்ஸருங்க சார். புதுப் பாட்டில் வருமில்லீங்களா, பிளாஸ்டிக் பாட்டிலு, அதுல தூசி தும்பு இருந்தா அலசிவிடும். கண்ணாடிப் பாட்டிலையும் அலசும். ஆனா கழுவுன பாட்டிலத்தான் அலசும்."

"நீ கழுவும்னுதான சொன்ன?"

"ரின்ஸ் பண்ணும்னுதாங்க சொன்னேன். வாஷ்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தன்னா காட்டுங்க."

"அப்ப தமிழ்ல, அலசுற மிஷினுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"அலசுற மிஷின்னு சொன்னா ரெண்டே முக்கால் லட்சம் போட்டு யாருங்க சார் வாங்குவா?"

ராட்டினம் மட்டும் பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. பேங்க் மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு, "போட்டோ வந்துருச்சு, அது போதும்" என்று கிளம்பிவிட்டார். நான் சுண்டல் தொன்னைகளைப் பொறுக்கினேன். அக்கா என் காதோரம் வந்து, "ஏடி, நம்ம வேல போகாது போலருக்கே" என்றாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கழுவினால்தானே அலசும். கழுவ ஆள் வேண்டுமே. ஒரு தும்மல் போடுகிற நேரத்துக்குச் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த தும்மலுக்குள் கடன் ஞாபகம் வந்துவிட்டது.

வாங்கின மிஷினைச் சும்மா வைத்திருக்க அண்ணாச்சிக்கு மனசு ஒப்பவில்லை. நாங்கள் வழக்கம்போல ஊறப்போட்டு, பிரஷ் போட்டு, முதல் தொட்டியில் முக்கி எடுத்துக் கொடுப்போம். இரண்டாவது தொட்டிக்குப் பதிலாக மிஷின் அலசும். முன்பு ஒரு முக்கில் முடிந்த வேலைக்கு இப்போது ஒருத்தி மாட்டவும், ஒருத்தி கழற்றவும் நிற்க வேண்டும். வேலையை மிச்சம் பிடிக்க வந்த மிஷினுக்கு நாங்கள் வேலைக்காரிகளானோம். கடைகளில் மட்டும் அண்ணாச்சி, "நம்ம பாட்டிலு மிஷின்ல ரின்சு பண்ணது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஒரு தனிக்கதை. போர்வெல் தண்ணீரை விட்டால் உப்புப் படிந்து மூக்கு அடைத்துவிடும் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். ஆகவே நல்லதண்ணி லாரி. தொட்டியில் ஒரே தண்ணீரில் நூறு பாட்டிலை முக்கி எடுப்போம். மிஷினோ ஒவ்வொரு பாட்டிலுக்கும் புதுசாகப் பீச்சி ஓடையில் விட்டது. கழுவின பாட்டிலை அலசின தண்ணீர் என்பதால் அது கண்ணாடி மாதிரி இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓடை போகிற தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாள் ஓடைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு குடம் வந்தது. மறுநாள் பத்து. மூன்றாம் நாள் வரிசை போட்டு, வரிசையில் சண்டை வந்து, வாளியால் ஒருத்தி மண்டையை ஒருத்தி பிளக்கப் பார்த்தாள். "இன்னைக்கு எத்தன மணிக்கு மிஷின் போடுவீக?" என்று எங்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு போவார்கள். அந்த வாரக் கடைசியில் தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிடுகிற படம், கீழே 'தாகம் தீர்த்த தங்கமே'.

அண்ணாச்சி அதன் முன்னால் நின்று அழமாட்டாத குறை. "லாரித் தண்ணிய காசு குடுத்து வாங்கி, தெருவுக்கு ஊத்துறேன்த்தா. ஒரு சோடா கூட விக்கலையே இந்தத் தெருவுல." ஆனால் பிளெக்ஸ் இருக்கிறவரைக்கும் மிஷினை நிறுத்த முடியவில்லை. ஒரு காற்றடித்த சாயங்காலம் அது கிழிந்து விழுந்தது. மறுநாளே மிஷினை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் எவர்சில்வர் ராட்டினத்தில் கொட்டகைத் துணிகள் காய்ந்தன.

நான் பயந்த இரண்டில் ஒன்று அந்த மாசமே வந்தது. என் போனில் பேங்க் மெசேஜ். தவணை கட்டவில்லையாம். இங்கிலீஷில் இருந்தாலும் கடன் சமாச்சாரம் என்றால் எனக்கு எந்த மொழியும் புரிந்துவிடும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அண்ணாச்சி முன்னால் நிறுத்தினாள். டிரைவர் அப்போது பெட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பேங்க்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு."

"எனக்கு வரலையேத்தா."

"லோனு எங்க பேர்லதான அண்ணாச்சி..."

"அப்ப ஒங்களுக்குத்தான வரும்."

நியாயம்தானே என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அவர் சொல்கிற தோரணை அப்படி.

"கட்டுறது பூராம் நீங்கதான்னு சொன்னீகளே" என்றேன்.

"ஓடுற மிஷினுன்னா கட்டலாம். ஓடாத மிஷினுக்கு நான் எதுக்குத்தா கட்டணும்? மிஷின் ஒங்க மிஷினு. நீங்க பாத்து ஏதாச்சும் செய்ங்க."

அக்கா கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்தாள். "இன்னொருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. சரியாக் கேக்கல."

"ஒங்க மிஷினுங்கிறேன்."

"கேட்டுக்கிட்டியாடி? டிரைவரு தம்பி, நீங்களும் கேட்டீகள்ல?"

"நல்லாவே கேட்டுச்சுக்கா" என்றார் டிரைவர், ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே.

டிரைவர்தான் வழி சொன்னார். திருச்சுழிப் பக்கம் ஒருத்தர் தண்ணீர்ப் பாட்டில் கம்பெனி போட்டிருக்கிறார். இவர்தான் அங்கேயும் லோடு அடிக்கிறார். புதுப் பிளாஸ்டிக் பாட்டில் சாக்குச் சாக்காக வரும், இரண்டு பெண்கள் உட்கார்ந்து கையால் அலசுகிறார்கள், அவர் மிஷின் தேடிக்கொண்டிருந்தார், விலையைக் கேட்டுவிட்டுத் தேடுவதை நிறுத்தியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் அந்த இரண்டு பெண்களை நினைத்து எனக்கு ஒரு உறுத்தல். அக்காவிடம் சொன்னேன். "மொதல்ல நம்ம கழுத்துக் கயித்த அவுப்போம், பெறகு அவுகளுக்கு அழுவோம்" என்றாள்.

தண்ணீர்க் கம்பெனிக்காரர் கெட்டிக்காரர். போனில் நாங்கள் காட்டின மிஷின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நல்லாக் கழுவுமா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "கழுவாது. அலசும்."

அக்கா என் தொடையில் கிள்ளினாள். வியாபாரம் கெட்டுவிடும் என்று அவளுக்கு. எனக்கோ, கழுவும் என்று சொல்லி நாளைக்கு இவரும் ஒரு பீடித்துண்டைத் தூக்கிக் காட்டினால் என்ன செய்வது என்கிற பயம்.

"அலசுனாப் போதுமே. புதுப் பாட்டிலுதான" என்றார் அவர். "என்ன வெல?"

"விக்க மாட்டோம். வாடகைக்கு" என்றாள் அக்கா. பஸ்ஸில் வரும்போது விற்பதாகத்தான் பேச்சு. எப்போது மாற்றினாள் என்று தெரியாது.

"வாடக எம்புட்டு?"

"மாசம் எட்டாயிரம்."

"ஆறு தாரேன்."

"தவணையே ஆறாயிரத்தி ஐநூறுங்க" என்று நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மறுபடி கிள்ளு. அவர் சிரித்துவிட்டார்.

"இந்தம்மாவக் கூட்டிக்கிட்டு எப்பிடிக்கா யாவாரம் பண்றீக? சரி, ஏழு. கரண்டும் தண்ணியும் என்னோடது. ரிப்பேருன்னா ஒங்களது. அந்த ரெண்டு பொம்பளைகளும் மிஷின்ல மாட்டிக் கழட்ட இருக்கட்டும், அதுக்கும் ஆள் வேணுமே?"

"கட்டாயம் வேணும். அதுலதான் நாங்க டாக்டருக்குப் படிச்சிருக்கோம்" என்றாள் அக்கா.

மிஷினைத் தூக்குகிற அன்றைக்கு அண்ணாச்சி வாசலை மறித்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், பேங்க் மேடம் எடுத்த போட்டோவைப் பெரிதாகக் கண்ணாடி போட்டு அவரே மாட்டியிருந்தார். நாங்களும் மிஷினும். கீழே 'எங்கள் தொழில் முனைவோர்'.

"யாரக் கேட்டுத் தூக்குறீக?"

"படத்துல இருக்குறவுகளக் கேட்டுத்தான்" என்றாள் அக்கா.

"வாடகையில பாதி எனக்கு வரணும். எடம் குடுத்துருக்கேன், லாரித் தண்ணி வாங்கியிருக்கேன், பூசச் செலவு, மாலைச் செலவு..."

"மாலை ஒங்க கழுத்துலதான அண்ணாச்சி கெடந்துச்சு. மிஷினுக்கு வெறும் பொட்டுதான."

"அப்ப நாளையில இருந்து ரெண்டு பேரும் வேலைக்கு வராதீக!"

இதோ, கடனும் இருக்கிறது, வேலையும் போகிறது. இரண்டும் ஒன்றாக வரும் என்று மட்டும் நான் நினைத்ததே இல்லை. காலைப் பிடித்துவிடலாமா என்று பார்த்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சரி அண்ணாச்சி. பாட்டில ரின்சு பண்ணி சோடா ஊத்திக்கோங்க. வாரோம்."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கொட்டகையில் திரும்பி வந்த பெட்டிகள் கூரைமுட்ட நின்றன. ஊர்க்கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் சோடா விற்கிற பத்து நாள் அதுதான். காஸ்டிக்கில் கைவைக்க வேறு ஆள் தேடினால் சித்திரையில் கிடைக்கும். அவர் வாசலைவிட்டு ஒரு ஓரமாக நகர்ந்து, டிரைவரைப் பார்த்து, "ஏலே, செவுத்துல இடிக்காமத் தூக்கு" என்றார். எங்களிடம், "நாளைக்குச் செத்த வெள்ளன வாங்கத்தா, லோடு நெறைய இருக்கு" என்றார். போட்டோவை மட்டும் அன்றைக்கே கழற்றிவிட்டார்.

ஆக, வேலை நிற்கிறது. இப்போதும் அதே தொட்டி, அதே பீடித்துண்டு. மாசம் பிறந்ததும் நான் திருச்சுழி பஸ் ஏறி வாடகை வாங்கி வருகிறேன். போகிறபோதெல்லாம் மிஷின் பக்கத்தில் கொஞ்சநேரம் நிற்பேன். ஏதாவது ஒரு மூக்கில் தண்ணீர் குறைவாக வருகிறதா என்று கண் அங்கேயேதான் போகும். முன்பு மிஷின் ஓடுமே என்று பயந்தேன், பிறகு ஓடாதே என்று பயந்தேன், இப்போது நின்றுவிடுமோ என்று பயப்படுகிறேன். வானம் கறுத்தாலும் பயம்தான். மழை பெய்து ஊருணி நிறைந்தால் பாட்டில் தண்ணீரை யார் வாங்குவார்கள்? வாங்காவிட்டால் அவர் எங்கள் மிஷினுக்கு ஏன் வாடகை தருவார்? எங்கள் ஊரில் எல்லாரும் பருத்திக்கும் கம்புக்கும் மழை கேட்டு வானத்தைப் பார்த்து நிற்கையில், இந்த மாசம் மட்டும் வேண்டாமே என்று வேண்டிக்கொள்கிற ஒரே ரெட்டியபட்டிக்காரி நான்தான். வெளியே சொன்னால் அடிப்பார்கள். அக்காவிடம் சொன்னேன். "தவண முடியட்டும், பெறகு பேயட்டும்" என்றாள்.

இந்த மாசத் தவணையையும் கட்டியாயிற்று. பேங்க் மேடத்திடம் கேட்டு, காதில் வாங்கி, கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இன்னும் நிற்பது, ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.